மசாலா சிப்ஸில் ஒளிந்திருந்த பால்

பையனுக்குப் பால் அலர்ஜி என்று தெரிந்ததுமே தயிர், நெய், பனீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அப்படியும் அவ்வப்போது உதட்டைச் சுற்றித் தடித்துக்கொள்ளும். ஒரு நாள் தக்காளி மசாலா சிப்ஸ் தின்ற கொஞ்ச நேரத்தில் காது மடல் வரை சிவந்துவிட்டது. குப்பைத்தொட்டியிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து, மொபைல் டார்ச் அடித்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மசாலாத்தூளில் என்னென்ன என்ற இடத்தில் 'மில்க் சாலிட்ஸ்'. சிப்ஸில் பாலை யார் எதிர்பார்ப்பார்கள்?

அப்புறம்தான் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். கேசின், சோடியம் கேசினேட், வே பவுடர் எல்லாவற்றிலும் அலர்ஜி தரும் பால் புரதம் இருக்கிறது. 'நான்-டெய்ரி', அதாவது பால் இல்லாதது, என்று போட்ட காபி கிரீமரிலேயே சோடியம் கேசினேட் இருந்தது! பச்சைப் புள்ளியையும் நம்ப முடியாது. அது சைவம் என்று மட்டுமே சொல்லும், பாலுக்கும் அதே புள்ளிதான். இப்போது முதலில் தேடுவது 'கன்டெய்ன்ஸ் மில்க்' வரியை. அது கண்ணில் படாவிட்டாலும் முழுப் பட்டியலையும் படிப்பேன்.

வீணாகப் பயந்ததும் உண்டு. லாக்டிக் ஆசிட் (பாக்கெட்டில் 270 என்ற எண்ணிலும் வரும்) என்ற பெயரைப் பார்த்தே பலவற்றை ஒதுக்கினேன். அது பெரும்பாலும் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பது. கோகோ பட்டரிலும் வெண்ணெய் கிடையாது. ஆனால் லாக்டோஸ்-ஃப்ரீ பால் கூடவே கூடாது என்றார் டாக்டர். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும்தான் இல்லை, அலர்ஜி தரும் புரதம் அப்படியே இருக்கிறது.

வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டையும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்க்கிறேன், சேர்மானத்தைச் சொல்லாமல் மாற்றிவிடுகிறார்கள்.