நாயோடு மலையில் நடக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயிற்றை நீளமாக விட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன். நாய் பழக்குவதே எனக்கு வேலை. பதுளைப் பக்கமும் சரி, நுவரெலியாப் பக்கமும் சரி, புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். பாவம், அதற்கான விலையை நாய்தான் கொடுக்கிறது.

"எது நஞ்சு என்று நாய்க்கே தெரியும்"

தெரியாது.

கத்திக்கொண்டு ஓடுவது

நாய் எதையோ கவ்விவிட்டது. உடனே "டேய், டேய்" என்று துரத்துகிறார்கள். பறிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் நாய் அதை மெல்லக்கூட மெல்லாமல் விழுங்கிவிடும். நின்ற இடத்திலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். "விடு" என்ற சொல்லை வீட்டில், சோற்று வேளையில், பண்டமாற்றுப் போலப் பழக்கியிருந்தால்தான் ரோட்டில் அது வேலை செய்யும்.

உப்புத் தண்ணீர்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதுளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கோயிலுக்குப் போகும் பாதையோரம் மஞ்சள் அலரி நிற்கிறது. பூசைக்குப் பூப் பறிக்க யாரோ எப்போதோ நட்டது. காய் பச்சையாக, முக்கோணம் போல இருக்கும். பழுத்தால் கறுத்துக் கீழே விழும். அந்தக் காய் ஒன்றை ஒரு தம்பியுடைய நாய் கடித்துவிட்டது. லயத்தில் நாலு பேர் கூடி, வாயைப் பிளந்து உப்புக் கரைசலை ஊற்றியிருக்கிறார்கள். நாய் வாந்தி எடுத்தது. "அண்ணே, எல்லாம் வெளிய வந்திருச்சு, இப்ப நல்லா இருக்கு" என்று எனக்குப் போன் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உடனே கொண்டு போகச் சொன்னேன். "காலையில பாப்போம்" என்றான். இரவு நாய்க்கு நடுக்கம் எடுத்தது. விடியும் முன்னே போய்விட்டது. அலரியால் போனதா, உப்பால் போனதா என்று மிருக வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டுமே கொல்லக் கூடியவைதான். மஞ்சள் அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு, விதையில் அதிகம். அது இதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்கும். முதலில் வருகிற வாந்தி அந்த நஞ்சே வரவழைக்கிற வாந்தியாகக்கூட இருக்கலாம். வாந்தி எடுத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இதயம் கெடுகிறது. உப்போ இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கும். நடுக்கமும் வலிப்பும் வரும். போதாததற்கு, பலவந்தமாக ஊற்றுகிற எந்தத் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகலாம். பால், தேங்காய் எண்ணெய், புளித் தண்ணீர் எதுவும் அலரி நஞ்சை முறிக்காது. வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயில் மிச்சம் இருப்பதை விரலால் வெளியே வழித்து எடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தைப் படம் எடுத்து, காயோ இலையோ ஒன்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முதலில் போன், அப்புறம் ஆட்டோ. நம் மலை ரோட்டில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேர்ந்த பிறகு, வைத்தியர் மாடு பார்க்க வெளியே போயிருக்கிறார் என்றால் என்ன செய்வீர்கள்? பக்கத்து அரச மிருக வைத்தியர், ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற தனியார் கிளினிக், பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை, இந்த மூன்று எண்களும் நாய் வீட்டுக்கு வந்த அன்றே போனில் ஏற வேண்டும்.

ஆனைக்கொய்யாவின் சதைக்குப் பயந்து கொட்டையை மறப்பது

சதையை ஒரு வாய் நக்கியதற்கு அலறுகிறார்கள். நாய்க்கு அதைவிடப் பெரிய ஆபத்து கொட்டைதான். வழுக்கும், உருண்டையாக இருக்கும், ஒரே விழுங்கில் போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிக்கும் போகவில்லை என்றால் நாளை வரை பார்த்திருக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கலாம். காய் உதிரும் காலத்தில் அந்த மரத்தடிப் பாதையையே மாற்றிவிடுங்கள்.

அழகான பூ என்று விட்டுவிடுவது

நுவரெலியாவில் ஓடைக்கரையோரம் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ ஊமத்தையின் சொந்தக்காரன். தின்ற நாய்க்குக் கண்மணி விரியும், வாய் வறளும், கால் தள்ளாடும். ஈரநிலத்தில் வெள்ளையாகக் குவிந்து நிற்கும் ஆரம் லில்லி வாயைச் சுட்டு எச்சில் ஒழுக வைக்கும். அதற்கு முதலில் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள். பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வைத்திருக்கும், குட்டைப் பனை போன்ற சைகஸ் செடி இன்னும் மோசம். அதன் விதை ஈரலைக் கெடுக்கும். முழுப் பாதிப்பும் தெரிய ஓரிரு நாள்கூட ஆகலாம்.

மரக்கறித் தோட்ட ஓரம்

பச்சை பிடித்த உருளைக்கிழங்கைக் கொட்டியிருப்பார்கள். நாயைக் கிட்டே விடாதீர்கள்.

கையில் கிடைத்த குச்சியை எறிவது

வேலியில் ஒரு கிளையை முறித்து எறிந்து விளையாடுகிறார்கள். அது அலரியா என்று யாரும் பார்ப்பதில்லை. வெட்டிப் போட்டுக் காய்ந்த அலரியிலும் நஞ்சு அப்படியே இருக்கும். வீட்டிலிருந்து ஒரு பந்தைக் கொண்டு போங்கள்.