ரிமோட் வேலை செய்கிறதா? செல்ஃபி கேமராவில் பாருங்கள்

டிவி ரிமோட் மக்கர் செய்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன பல்பை அதற்கு நேராகப் பிடியுங்கள். ஏதாவது ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே திரையைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ ஒளி மினுங்கினால் ரிமோட் கதிரை அனுப்புகிறது, கோளாறு பெரும்பாலும் டிவி பக்கம்தான். ஒன்றும் தெரியவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

சரி, கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ரிமோட் அனுப்புவது அகச்சிவப்புக் கதிர். அதன் அலைநீளம் பொதுவாக 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். நம் கண்ணின் எல்லையோ 700-ஐத் தாண்டியதுமே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கேமராவின் சிலிக்கான் சென்சார் அதற்கு அப்பாலும் உணரும். பின்பக்கக் கேமராவில் இந்தக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் வலுவாக இருக்கும், அதனால்தான் செல்ஃபி கேமரா.

இந்தக் கதிரை 1800-ல் கண்டுபிடித்தவர் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, எந்த நிறமும் விழாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் அதிகமாகச் சூடேறியது! ஒரு கண்ணாடித் துண்டும் சில வெப்பமானிகளும் போதுமாக இருந்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் ஒன்று: புளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுகளில் பல பட்டன்களுக்கு இந்த ஒளி வராது. அவற்றில் பவர் பட்டனை அழுத்திச் சோதியுங்கள்.