மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை

வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் வெந்த பாட்டிகள், பீடியை விட முடியாத தாத்தாக்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸாக நான் அதிகம் பார்ப்பது இவர்களைத்தான். சீட்டில் 'சிஓபிடி' என்றிருக்கும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். முழுசாகக் குணமாகாது. மருந்தும் இன்ஹேலரும் டாக்டர் சொன்னபடி நடக்கட்டும். கழிவறை போய் வந்ததும் இரைக்கிற அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அது உங்கள் கையில்.

1. முதலில் உட்கார வையுங்கள்

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றட்டும். மேசை இருந்தால் அதில் இரண்டு தலையணை போட்டுக் கைகளைச் சாய்க்கலாம். கைக்குத் தாங்கல் கிடைத்தால் தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவும். இறுக்கமான ஜாக்கெட், பனியன் இருந்தால் தளர்த்திவிடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தையும் கலையுங்கள். ஆளாளுக்கு "என்ன பண்ணுது?" என்று கேட்டால் பதில் சொல்லவே மூச்சு போய்விடும்.

2. விசிறி

பலர் நம்பாத படி இதுதான். சீலிங் ஃபேன் ஓடினாலும் பனையோலை விசிறியையோ பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேனையோ எடுங்கள். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கு, மேலுதடு, கன்னம் ஆகிய இடங்களில் காற்று படும்படி சில நிமிடம் வீசுங்கள். அங்கே குளிர்ந்த காற்று படும்போது முகத்தின் தொடு உணர்வு நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போய், மூச்சுத்திணறல் உணர்வு தணிகிறது. ஆக்ஸிஜன் அளவை இது கூட்டாது, தவிப்பைக் குறைக்கும். நோயாளியால் முடிந்தால் விசிறியை அவர் கையிலேயே கொடுங்கள், பயம் பாதி குறையும்.

3. உதடு குவித்து ஊதுதல்

மூக்கு வழியாக ஒன்று, இரண்டு எண்ணி உள்ளே. உதட்டைக் குவித்து ஒன்று முதல் நான்கு வரை எண்ணி வெளியே. ஒரு பாட்டியிடம் "ஊதுங்க" என்றேன். கன்னம் புடைக்க ஊதித் தள்ளினார், ஊதாங்குழல் பழக்கம்! அப்படி முக்கி ஊதினால் தளர்ந்துபோன மூச்சுக்குழாய்கள் அமுங்கி, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "அடுப்பு ஊத வேண்டாம் பாட்டி, காப்பி ஆத்துற மாதிரி" என்றதும் சரியாக வந்துவிட்டது. குவிந்த உதடு குழாய்களைச் சற்றுத் திறந்து வைக்கிறது. இதை நன்றாக இருக்கும் நேரத்தில் தினமும் பழக்குங்கள்; திணறும்போது புதிதாகக் கற்க முடியாது.

4. முதுகில் கை

அவர் மூச்சு விடுகிற வேகத்துக்கு ஒத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை மெதுவாகத் தடவுங்கள். தட்டவோ அழுத்தவோ வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

5. அன்றாட வேலை

குளியல் ஸ்டூலில் உட்கார்ந்து. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வேளை. வயிறு முட்டினால் மூச்சு முட்டும். எழும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி இந்த அறையில் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்காக மாமியார்களிடம் நான் வாங்காத திட்டில்லை.

6. ஆக்ஸிஜன் இருந்தால்

திணறுகிறாரே என்று மெஷினின் ஃப்ளோவை, அதாவது ஆக்ஸிஜன் வரும் அளவை, நீங்களாக ஏற்றாதீர்கள். இந்த நோயில் பலருக்கு ரத்த ஆக்ஸிஜனுக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 சதவீதம் வரைதான். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உங்கள் வீட்டு நோயாளிக்கு ஃப்ளோ எவ்வளவு, இலக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் விளக்கு, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

சளி பச்சையாக மாறினாலோ காலில் புதிதாக வீக்கம் வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். உதடு நீலம், குழம்பிய பேச்சு, எழுப்பினாலும் தூங்கி விழுவது, ஒரு வாக்கியம் முடிக்க முடியாத திணறல் என்றால் விசிறியோடு நேரம் கடத்தாமல் 108. வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக "சிஓபிடி பேஷண்ட்" என்று சொல்லி, மெஷினில் ஒட்டிய அந்தச் சீட்டையும் காட்டுங்கள்.