கட்டற்ற இசை ஆய்வு மென்பொருளுக்கு நன்கொடை அளிப்பது எப்படி?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் என்ற இசை ஆய்வு மென்பொருளில் ஒரு தோடி ராக ஆலாபனையின் ஒலிப்பதிவைத் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் நிறமாலைப் படத்தைப் பெரிதாக்கினால், காந்தார ஸ்வரம் ('க') ஓரிடத்தில் நில்லாமல் அலையாக ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். இந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஆய்வு நிதியில் பிறப்பவை. நிதிக்காலம் முடிந்த பிறகும், விண்டோஸோ மேக்கோ புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் அவற்றைச் சரிசெய்து தர ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

பணம் அனுப்புமுன், திட்டத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள இணைப்பை மட்டுமே பின்பற்றுங்கள். தொகை தனி நிரலாளருக்குப் போகிறதா, அறக்கட்டளைக்கா, பல்கலைக்கழகப் பொதுக் கணக்கிற்கா என்று பாருங்கள். பொதுக் கணக்கெனில், எந்தத் திட்டத்திற்கு என்று குறிப்பிட வழியுண்டா எனக் கேட்டு எழுதுவதில் தவறில்லை.

இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் வெளிநாட்டுக் கட்டணங்கள் பல நேரம் நிராகரிக்கப்படுகின்றன. ஆகவே மாதம் 100 ரூபாய்க்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை 1,200 ரூபாய் அனுப்புவதே மேல். ஒவ்வொரு முறையும் பிடிக்கப்படும் சேவைக் கட்டணமும் குறையும். வெளிநாட்டு அமைப்புக்குத் தந்த தொகைக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையை (80ஜி) எதிர்பார்க்க வேண்டாம்.

கையில் பணமில்லாத மாணவர், தம் ஆய்வேட்டில் மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் தவறாமல் குறிப்பிடலாம். அடுத்த நிதி விண்ணப்பத்தில் அதை உருவாக்கியோர் சான்றாகக் காட்ட அது உதவும்.