உப்புநீர் மீன் தொட்டிக்கு ரிட்டர்ன் லைன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்ப் ஓடும்வரை எல்லா ரிட்டர்ன் லைனும் ஒழுங்காகத்தான் தெரியும். மேல் தொட்டியில் மட்டம் மீறும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பெட்டி வழியாகக் கீழே உள்ள சம்பு என்ற துணைத்தொட்டிக்கு இறங்குகிறது, பம்ப் அதை ரிட்டர்ன் லைன் என்ற குழாயில் திரும்ப மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். கரண்ட் போன அடுத்த சில நிமிடங்களில்தான் வேலையின் லட்சணம் வெளியே வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையின்போது, நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகவும் அது இருக்கும்.

பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாயே சைஃபனாகிவிடுகிறது. ஏறிய வழியிலேயே தண்ணீர் இறங்கும். மேல் தொட்டியில் குழாய் முடியும் நாசிலின் வாய்க்குக் காற்று எட்டும்வரை நிற்காது. 4 அடிக்கு 2 அடி தொட்டி, அதாவது சுமார் 120 × 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் 7.2 லிட்டர். நாசில் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர் கீழே வரும், 10 செ.மீ. என்றால் 72 லிட்டர். 90 × 40 செ.மீ. சம்பில் 36 லிட்டருக்கு மட்டம் 10 செ.மீ. ஏறும், 72 லிட்டருக்கு 20 செ.மீ. சம்பின் உயரம் 40 செ.மீ., ஓடும்போதே 22 செ.மீ. நிரப்பி வைத்திருக்கிறீர்கள் என்றால் மிச்சம் 18 தான். மீதி தரையில். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் தண்ணீரை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

பவளங்களுக்கு நல்ல ஓட்டம் கிடைக்கட்டும் என்று நாசிலை ஆழமாக இறக்குவதுதான் பலர் செய்வது. ஓட்டத்துக்குத் தொட்டிக்குள் அலை கிளப்பும் வேவ்மேக்கர் இருக்கிறது. நாசில் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் போதும்.

இந்தப் பிரச்சினைக்கு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) ஒன்று போட்டுவிடலாம் என்பார் பிளம்பர். நல்ல தண்ணீர் மோட்டாருக்கு அது சரி. கடல்நீர்த் தொட்டியில் வால்வின் மடலிலும் அது உட்காரும் விளிம்பிலும் சுண்ணாம்பு படியும், கோரலைன் என்ற கல்போன்ற பாசி ஒட்டும். ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், முழுதாக மூடாது. போட்ட அன்று சோதித்தால் பிரமாதமாகப் பிடிக்கும், ஆறு மாதம் கழித்துக் கசியும். போட்டே ஆகவேண்டும் என்றால் இருபுறமும் யூனியன் (கையால் கழற்றக்கூடிய இணைப்பு) உள்ள, கழற்றி வினிகரில் ஊறவைக்கக்கூடிய வகையாகப் பாருங்கள். ஆனால் அது இல்லை என்று நினைத்துத்தான் சம்பில் இடம் விடவேண்டும்.

சைஃபனை உடைக்கும் துளை அதைவிட நம்பகமானது. ஓடும் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே, ரிட்டர்ன் குழாயில் 5 மி.மீ. துளை போடவேண்டும். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே போய் சைஃபன் அறுந்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே போட்டால் பீய்ச்சி அடித்து விளக்கிலெல்லாம் உப்பு படியும். 2 மி.மீ. துளையைப் பாசியோ குட்டி நத்தையோ அடைத்துவிடும். இரண்டு துளை போடுங்கள், மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். லைன் மேலே இரண்டு நாசிலாகப் பிரிகிறது என்றால் இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து இரண்டிலும் துளை போடவேண்டும்.

துளை, வால்வு எதையும் நம்பாமல் இதைச் செய்து பாருங்கள்: துளையை விரலால் மூடிக்கொண்டு பம்பை நிறுத்துங்கள், இறங்குகிற தண்ணீர் எல்லாம் இறங்கட்டும். சம்பின் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, மட்டம் நிலைத்த இடத்தில் சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு, இதை அநேகம் பேர் போடுவதே இல்லை. ஓவர்ஃப்ளோ அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறையில் உள்ள தண்ணீர் முழுவதையும் மேலே தள்ளும். அந்த அறை 40 × 20 செ.மீ., பம்ப் வாய்க்கு மேலே 15 செ.மீ. தண்ணீர் என்றால் 12 லிட்டர். மேல் தொட்டியில் 1.7 செ.மீ. ஏறும். அந்த அளவு இடம் மேலே காலியாக இருக்கவேண்டும். பெரிய ரிட்டர்ன் அறை வசதியானதுதான், ஆனால் அடைப்பு வந்தால் அதே வசதி தரையில் ஓடும்.

பம்பும் குழாயும் அடுத்தது. பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருப்பது ஏற்றமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. அந்தப் பம்பின் அதிகபட்ச ஏற்றம் 3 மீட்டர் என்றால், 1.5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பெட்டியில் உள்ள, எந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்று காட்டும் வளைகோட்டைப் பார்த்து வாங்குங்கள். 300 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1000 முதல் 1500 லிட்டர் மேலே வந்து சேர்ந்தால் தாராளம். பம்பின் வாய் முக்கால் இஞ்ச் என்பதற்காக லைனையும் முக்காலில் போடவேண்டாம். ஒரே அளவு தண்ணீருக்கு முக்கால் இஞ்சில் ஏற்படும் உராய்வு 1 இஞ்சில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எல்போக்களைக் குறைத்தால் இன்னும் லேசாக ஏறும்.

கடையில் வெறுமனே 1 இஞ்ச் என்று கேட்டு வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இஞ்ச் கணக்கு யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., விவசாயத்துக்குப் போடும் மி.மீ. கணக்குக் குழாய் 32, சுடுதண்ணீருக்கான சிபிவிசி 28.6. 32 மி.மீ. குழாய் 1 இஞ்ச் சாக்கெட்டில் லொடலொடவென்று போகும். சொல்யூஷனை (குழாய் ஒட்டும் திரவம்) தாராளமாகத் தடவி ஒப்பேற்றுவார்கள். சொல்யூஷன் இடைவெளியை அடைக்கும் பொருள் இல்லை. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது, தொட்டுக்கொள்ளாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. குழாய், ஃபிட்டிங், சொல்யூஷன் மூன்றையும் ஒரே வகையில் வாங்குங்கள்.

பித்தளை மட்டும் வேண்டவே வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் எஃப்.டி.ஏ. (உள்மரை கொண்ட இணைப்பு), திருகு எல்போ பலவற்றில் பிளாஸ்டிக்குக்குள் பித்தளை மரை பதித்திருக்கும். உறுதியானது என்று கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். பித்தளையில் தாமிரம் இருக்கிறது, உப்புநீர் அதை அரித்து வெளியே கொண்டுவரும். மீன் தாக்குப்பிடித்தாலும் பவளம், இறால், நத்தை தாங்காது. முழுப் பிளாஸ்டிக் மரைதான் வேண்டும். அதையும் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள்மரைப் பகுதி விரிசல் விடும்: டெஃப்லான் டேப் நாலைந்து சுற்று, கையால் முடிந்தவரை திருகி, மேலே ஒரு கால் சுற்று.

கண்ணாடியில் பல்க்ஹெட் (துளை வழியே குழாயைக் கசியாமல் கடத்தும் இணைப்பு) மாட்டும்போது ரப்பர் வளையம் தொட்டியின் உட்புறம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரவேண்டும். நட்டுப் பக்கம் மாட்டினால் கசியும். ரப்பருக்குச் சிலிகான் தடவவேண்டாம், வழுக்கிப் பிதுங்கிவிடும். பல்க்ஹெட் கைக்கு வருமுன் கண்ணாடியில் துளை போடாதீர்கள். 1 இஞ்ச் என்று விற்பதெல்லாம் ஒரே துளை அளவு கேட்பதில்லை. டஃபன் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளையே போடமுடியாது, நொறுங்கிவிடும்.

பம்பிலிருந்து நேரே கெட்டிக் குழாய் ஏற்றினால் அதன் அதிர்வு கண்ணாடிவரை போய் ராத்திரி முழுக்க ரீங்காரம் கேட்கும். நடுவில் 20 செ.மீ. கறுப்பு ஹோஸ் கொடுங்கள். தெளிவான ஹோஸில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். கிளாம்பு பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். அதற்கு மேலே யூனியன், யூனியனுக்கு மேலே பால் வால்வு. ஓட்டத்தைக் குறைக்க இந்த வால்வைத் திருகலாம், ஆனால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெருக்கக்கூடாது.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் உலர்வாக மாட்டிப் பென்சிலால் குறியிடுங்கள். குழாயை நேராக அறுத்து, பிசிறு எடுத்து, இரு பக்கமும் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி 30 விநாடி பிடியுங்கள். 24 மணி நேரம் காய்ந்ததும் முதலில் நல்ல தண்ணீரிலேயே ஒரு நாள் ஓட்டி, பம்பை மூன்று முறை நிறுத்திப் பாருங்கள். உப்புநீர் ஊற்றியபின் ஏதாவது மூட்டில் வெள்ளைத் தூள் பூத்தால் துடைத்துவிடுங்கள். இரண்டு நாளில் திரும்பப் பூத்தால் அது கசிவு. வெளியே பூசி அடைக்கமுடியாது, அந்த மூட்டை அறுத்தெடுத்துக் கப்ளிங் போடவேண்டும். அதற்காகவே ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் நடுவில் 8 செ.மீ. நேர்க்குழாய் விட்டிருக்கவேண்டும், எல்போவை எல்போவோடு ஒட்டியவர் பல்க்ஹெட் வரை எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டியதுதான்.