வாட்ச் ஸ்க்ரூவுக்கு நீலம் ஏத்துறது எப்படி: பாலிஷ்லேர்ந்து தீ வரைக்கும்

ரங்கூன்ல பழைய வாட்ச் வச்சிருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது. பின்மூடியைத் திறந்தா சில உசந்த மெஷின்ல மட்டும் ஸ்க்ரூ தலை நீலமா மின்னுதே, அது பெயிண்டா? இல்லைங்க. ஒழுங்கா செஞ்ச வேலைன்னா அது வெறும் சூடு, வேற எதுவும் மேல பூசறதில்ல. ஜெர்மனில க்ளாஸ்ஹுட்டேல செய்யுற ஆ. லாங்கே வாட்சுல, மெஷினுக்குள்ள கல்லு பதிச்ச தங்க வளையத்தைச் சுத்தி பிடிச்சிருக்கிற குட்டி ஸ்க்ரூ எல்லாம் இப்படித்தான் நீலமாகுது. மலிவு மெஷின்ல கெமிக்கல்ல முக்கியோ சாயம் பூசியோ விடுறாங்க, அது எப்படித் திருப்பிப் பாத்தாலும் ஒரே நீலமா கிடக்கும், சூட்டுல வந்த நீலம் ஒரு பக்கம் கறுப்பா தெரிஞ்சு லேசா சாய்ச்சதும் பளிச்சுன்னு அடிக்கும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் தீயைத்தான் கவனிக்கிறாங்க, ஆனா கலரைத் தீர்மானிக்கிறது பாலிஷ். கீறல் இருந்தா நீலம் அதை மறைக்காது, இன்னும் நல்லா காட்டிக் குடுக்கும்.

பழக என்ன எடுக்கலாம்

உங்க தாத்தா வாட்சுல கை வைக்காதீங்க, தயவுசெஞ்சு. ஓடாத ஒரு பாக்கெட் வாட்ச் மெஷினோ, ஊர்லேர்ந்து வந்து டிராயர்ல செத்துக் கிடக்குற பழைய ஹெச்எம்டியோ போதும். ஸ்க்ரூ கார்பன் ஸ்டீலா இருக்கணும். பித்தளை இப்படி நீலமாகாது, துருப்பிடிக்காத ஸ்டீல் வேற சூட்டுல வேற மாதிரி போகும். பேலன்ஸ் சக்கரத்தோட (முன்னும் பின்னும் ஆடி டைம் காக்குற சக்கரம்) விளிம்புல இருக்கிற ஸ்க்ரூ பக்கமே போகாதீங்க, அது எடைக்காக வச்சது, தொட்டா டைம் போயிடும்.

தலையைத் தட்டையாக்குறது

இங்கதான் நேரம் போகும், போகட்டும். ஸ்க்ரூவை விரல்லயோ கைப்பிடிலயோ பிடிச்சுத் தேய்ச்சா ஓரம் உருண்டுடும், அப்புறம் என்ன பண்ணாலும் கண்ணாடி மாதிரி வராது. அதுக்கு ஒரு வழி இருக்கு. சின்ன பித்தளைத் தகடுல முக்கோணமா மூணு ஓட்டை போட்டு, ஒரே சைஸ் ஸ்க்ரூ மூணை தலை கீழ பாக்குற மாதிரி சொருகி அரக்கை உருக்கி ஒட்டிடுங்க. இப்ப தகடு மூணு தலை மேலயும் ஸ்டூல் மாதிரி நிக்கும், மூணு காலு எங்கயும் ஆடாது இல்ல, அதனால மூணும் சமமா தேயும்.

தட்டையான தடிச்ச கண்ணாடி மேல 1000 நம்பர் தண்ணி எமரி ஷீட், அப்புறம் 2000, அப்புறம் 3 மைக்ரான் லேப்பிங் ஃபிலிம் (ரொம்ப நைசான பொடி ஒட்டின பிளாஸ்டிக் ஷீட்), கடைசில 1 மைக்ரான். எட்டு போடுற மாதிரி தேய்ங்க, அமுக்காதீங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் தகடு, கை, கண்ணாடி எல்லாம் கழுவணும், பழைய பொடில ஒரே ஒரு துகள் தங்கினாலும் புதுசா கோடு விழும், அந்தக் கோட்டை எடுக்க மறுபடி பின்னாடி போகணும்.

காடியோட (ஸ்க்ரூடிரைவர் நுனி உக்காருற வெட்டு) ஓரத்துலயும் தலையோட சுத்து ஓரத்துலயும் லேசா சாய்வு எடுக்கறதுன்னா இந்த 1 மைக்ரானுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, தட்டை கடைசில வந்தாதான் அந்த விளிம்புக் கோடு கத்தியா நிக்கும். ஜெனீவாவுல உசந்த வாட்ச் மெஷினுக்குக் குத்துற தர முத்திரை ஒண்ணு 1886லேர்ந்து இருக்கு, அதோட பழைய விதிகள்ல ஸ்க்ரூ தலை பாலிஷா இருக்கணும், விளிம்பும் காடியும் சாய்வு வெட்டி இருக்கணும்னே எழுதிருக்கு. பாத்தா யாருக்கும் தெரியாத இடத்துக்கு இவ்ளோ சட்டம்!

கடைசிப் பாலிஷ் வெள்ளீயத் தட்டு மேல. டயமண்டைன்னு விக்கிற வெள்ளைப் பொடி, பேருதான் வைரம், சரக்கு அலுமினியம் ஆக்சைடு. ஒரு துளி எண்ணெயில குழைச்சு அந்த வெள்ளீயத் தட்டுல கொஞ்சூண்டு தடவி தகடை ஓட்டுங்க. பேஸ்ட் கறுத்துக்கிட்டே வந்தா ஸ்டீல் தேயுதுன்னு அர்த்தம். துடைச்சுட்டு லென்ஸ்ல பாருங்க, ஒரு கோணத்துல வெள்ளையா ஒளிரணும், கொஞ்சம் திருப்பினா தலை முழுக்க மையிருட்டா ஆகணும். பாதி கறுப்பு பாதி சாம்பல்னா இன்னும் தட்டை வரலன்னு அர்த்தம். பாரிஸ்லயோ ஜெனீவாலயோ வாங்கினாலும் உசந்த கறுப்பு பாலிஷ்னு சொல்றது இதைத்தான், சிலர் நீலமே ஏத்தாம இதோட நிறுத்திடுவாங்க, எனக்கென்னவோ அதுதான் அழகு.

சுத்தம்

அரக்கு ஸ்பிரிட்ல கரையும், ஊறவச்சு ஸ்க்ரூவை எடுத்து ஐசோப்ரோபில் ஆல்கஹால்ல கழுவுங்க. காடிக்குள்ள எண்ணெய் ஒளிஞ்சிருக்கும், கூர் சீவின மரக்குச்சியால தோண்டி எடுங்க. இதுக்கப்புறம் விரல் படவே கூடாது, ட்வீசர்தான். நம்ம ஊர் திஞ்சான் (ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டு) சமயத்து வெக்கைல ஒரு சொட்டு வேர்வை விழுந்தா போதும், அந்த இடம் மட்டும் பழுப்பா புள்ளி விழும்.

தீ

கழுவுற பாட்டிலை எல்லாம் மூடி தூரமா வச்சுட்டு அப்புறம் ஸ்பிரிட் விளக்கைப் பத்தவைங்க. கரண்ட் போனாலும் விளக்கு எரியும்தான், ஆனா கலர் பாக்க பகல் வெளிச்சம் வேணும், ராத்திரி செய்யாதீங்க. ரெண்டு மூணு மில்லி தடிப்புல பித்தளைத் தகடு, அதுல ஓட்டை, ஓட்டைல ஸ்க்ரூ, தலை மட்டும் வெளிய. லேத் பட்டறைல கேட்டா பித்தளைச் சீவல் சும்மாவே குடுப்பாங்க, சின்ன கிண்ணத்துல அதை நிரப்பி அதுக்குள்ள நட்டாலும் சரி. ஒரே சைஸை மட்டும் சேத்து வைங்க, பொடிசு சீக்கிரம் சூடாகிடும்.

அடில தீயை ஆட்டிக்கிட்டே இருங்க. 220 டிகிரி கிட்ட வைக்கோல் மஞ்சள், 255 வாக்குல பழுப்பு, 280ல ஊதா, 290 முதல் 300க்குள்ள நம்ம ஆழ்ந்த நீலம், அதைத் தாண்டினா வெளிர் நீலம், அப்புறம் சாம்பல். தெர்மாமீட்டர் வேண்டாம், கண்ணு போதும். மேல படியிற ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேற வேற கலரா திரும்புது, அவ்ளோதான் விஷயம். மஞ்சள் வர்ற வரைக்கும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், ஊதா வந்ததும் மூச்சு விடக்கூட நேரமிருக்காது. ஊதா நீலத்துக்குத் திரும்பும்போதே எடுத்து குளிர்ந்த இரும்புக்கட்டி மேல போட்டுடுங்க, உள்ள இருக்கிற சூடு மிச்சத்தை முடிச்சுடும். பக்கத்துல இருக்கிறது இன்னும் பழுப்புலயே நின்னா அதை விடுங்க, அதோட நேரம் வரும்.

ஊதால எடுத்துட்டீங்களா, மறுபடி சூடாக்கலாம். சாம்பலுக்குப் போயிட்டா திரும்பி வராது, 1 மைக்ரான்லேர்ந்து மறுபடி பாலிஷ்தான். ஸ்டீல் மெத்துன்னு ஆயிடுமோன்னு பயப்பட வேண்டாம், வாட்ச் ஸ்க்ரூவை வழக்கமாவே கிட்டத்தட்ட இந்தச் சூட்டுலதான் பதப்படுத்துறாங்க.

திரும்ப மாட்டும்போது

ஸ்க்ரூடிரைவர் நுனியை காடி அகலத்துக்கு சரியா தீட்டிக்கோங்க, வழுக்கினா நீலத்துல வெள்ளைக் கோடு, போச்சு. தலைல மூணு காடி வெட்டின ஸ்க்ரூ இருந்தா அது பெரும்பாலும் இடது மரை, எதிர்ப்பக்கம் சுத்தணும். மழைக்காலத்துல மாட்டாம வச்சிருக்கிற ஸ்க்ரூவை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பில மூடி வைங்க, நீலம் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், மே முதல் அக்டோபர் வரைக்கும் இங்க அடிக்கிற ஈரத்துக்கு அது மட்டும் பத்தாது.