மெழுகுவர்த்தி வார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று புதுச்சேரி உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் ஏற்றுவதற்கான மெழுகுவர்த்திகளை, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரிலேயே எங்கள் வீட்டில் வார்க்கத் தொடங்கிவிடுவோம். இந்த வேலையில் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: மெழுகுவர்த்தியில் எரிவது திரியன்று, உருகிய மெழுகு திரி வழியாக மேலேறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் ஆபத்தானது, மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைப்பது. பாரஃபின் மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். ஏறத்தாழ 200 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றும் நிலையை அடையும். பால் என்றால் பொங்கி நம்மை அழைக்கும். மெழுகோ தெளிந்த நீர்போல அசையாமல் கிடந்தபடியே சூடேறிக்கொண்டிருக்கும். ஆகவே, அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது வற்றிவிட்டால் அந்தக் காப்பும் போய்விடும் என்பதால், அடுப்பை விட்டு நகரவே கூடாது.

தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. மெழுகைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து, எரியும் மெழுகை முகத்தளவு உயரத்துக்கு வீசியெறியும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறுக மூட வேண்டும். அதற்குப் பொருந்தும் மூடி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கையருகில் இருக்க வேண்டும். தோலில் மெழுகு சிந்தினால் பேனா மை, பற்பசை, தோசை மாவு எதையும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

திரி விஷயத்தில் பலரும் அகல் விளக்குத் திரியையோ தையல் நூலையோ பயன்படுத்துகிறார்கள். மெழுகுவர்த்திக்கென்று பின்னப்பட்ட பருத்தித் திரி, எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குச் சென்று தானே சாம்பலாகும். முறுக்கிய திரி நிமிர்ந்தே நின்று கரியைச் சேர்க்கும். நைலான் நூலோ உருகிவிடும். திரி மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, சுடர் உருகிய மெழுகில் மூழ்கும், தடித்தால் புகையும்.

திரி சரியாக எரியாமல் போவதற்கு நம் கடலோர ஈரமும் ஒரு காரணம். ஓர் ஐப்பசியில் திரிக்கட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு அப்படியே வார்த்தேன். கல்லறையில் ஏற்றியதும் அத்தனையும் சடசடவென்று பொரிந்து அணைந்தன. அன்றிலிருந்து திரியை உலர்த்தி, உருகிய மெழுகில் காற்றுக்குமிழ்கள் நிற்கும்வரை ஊறவைத்து, நீட்டி ஆறவைத்த பிறகே அச்சில் கட்டுகிறேன்.

நிறத்துக்காகக் கிரேயான் போடாதீர்கள். அதன் நிறமித்துகள் திரியை அடைக்கும். மணத்துக்காக உடலில் தெளிக்கும் வாசனைத் திரவியத்தையும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். மெழுகுக்கென்று விற்கும் வாசனை எண்ணெயை, அடுப்பிலிருந்து இறக்கிய பின், 100 கிராமுக்கு 6 கிராம் என நிறுத்துச் சேர்த்தால் போதும்.

மெழுகு ஆறும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். பலர் மேலே கொஞ்சம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். பாதி இறுகியதும் குச்சியால் திரியருகே இரண்டு மூன்று துளையிட்டு, பிறகு ஊற்றுங்கள். மீந்த மெழுகைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும்.

புதிய மெழுகோ புதிய திரியோ வாங்கிய அன்றே ஐம்பது வார்த்துவிடுவதும் தவறுதான். ஒன்றை வார்த்து, மறுநாள் காற்றில்லாத இடத்தில் அடிவரை எரியவிட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள்; திரியை மாற்ற வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.